கம்ப்யூட்டருக்கு ஓலை வாசித்தோம்

கடைசியாக ஒரு 'ஐ அக்ரீ' பொத்தானை அழுத்தினீர்களே, எதற்கு ஒத்துக்கொண்டீர்கள்? சொல்லுங்கள் பார்ப்போம். தெரியாது, இல்லையா? எனக்கும் தெரியாது. படித்தது கம்ப்யூட்டர் சயின்ஸ், வேலை பார்ப்பது சாஃப்ட்வேர் கம்பெனியில், அப்படியும் தெரியாது. மேலே இங்கிலீஷில் பக்கம் பக்கமாக எதையோ கொட்டி வைத்திருப்பான். கீழே ஒரு கட்டம் இருக்கும். டிக் அடித்துவிட்டு நெக்ஸ்ட், நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ். நடுவில் கிட்னியை எழுதிக் கேட்டிருந்தாலும் கொடுத்துவிட்டுத்தான் வந்திருப்போம்.

அந்த இங்கிலீஷை முதல் வரியிலிருந்து படிக்க உட்கார்ந்த ஒரே ஒரு ஆளை எனக்குத் தெரியும். என் அக்கா.

எங்கள் வீடு ராயபுரத்தில், மாதா கோயிலுக்குப் பின்னால் போகும் சந்தில், முதல் மாடியில் இருந்தது. மொட்டை மாடிக்குப் போனால் துறைமுகத்து கிரேன்கள் தெரியும். நைனா அந்தத் துறைமுகத்துக்குள் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டினார். அவர் ரிச்சி தெருவிலிருந்து கம்ப்யூட்டர் வாங்கி வந்த அன்று சந்தே வாசலில் நின்றது. ஆட்டோவில் மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு, பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற மாதிரி அக்கா இறங்கினாள். அம்மா வேளாங்கண்ணியிலிருந்து கொண்டுவந்த தீர்த்தத்தை எடுத்துத் தெளிக்க வந்தாள்.

"தள்ளி நின்னு தெளி மே. ஷாக் அடிச்சா மாதாவே வந்தாலும் காப்பாத்த முடியாது" என்றார் நைனா.

"பிளக்கே போடல, ஷாக்கு எங்கருந்து வரும்?"

"தண்ணி உள்ள பூந்துச்சுன்னா அப்பால வரும்."

கடைசியில் கீ போர்டுக்கு மட்டும் தீர்த்தம் கிடைத்தது. மானிட்டருக்கு அம்மா லேஸ் வைத்து ஒரு உறை தைத்தாள். சிபியு ஓடினால் பழைய விசைப்படகு மாதிரி சத்தம் போடும். கடல் காற்றில் அதன் பின்பக்க ஸ்குரூ எல்லாம் துருப்பிடித்துவிடும் என்று நைனா மாதம் ஒரு முறை துணியில் எண்ணெய் தொட்டுத் துடைப்பார். இப்போது என் பையில் இருக்கும் லேப்டாப் அதைவிட எத்தனையோ மடங்கு வேகம். ஆனால் அதை நான் ஒரு நாள்கூடத் துடைத்ததில்லை.

அந்த நாட்களில் சந்தில் யார் வீட்டில் கம்ப்யூட்டர் வந்தாலும் எனக்குத்தான் அழைப்பு வரும். "பாப்பா, எதுனா போட்டுக் குடுத்துட்டு போ" என்பார்கள். 'எதுனா' என்றால் பாட்டு கேட்க ஒன்று, படம் பார்க்க ஒன்று, கப்பலில் இருக்கும் ஆளோடு முகம் பார்த்துப் பேச ஒன்று. எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவர் கப்பலில் இருப்பார், இல்லையென்றால் கப்பலுக்குப் போகக் காத்திருப்பார். நான் போய் உட்கார்ந்து நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று தட்டிவிட்டு வருவேன். கூலியாக ஒரு வீட்டில் சுறாப்புட்டு வரும். எதிர் வீட்டு பாய் வீட்டிலிருந்து பெருநாள் அன்று பிரியாணி வரும். கூடவே கேட்காத குப்பையெல்லாம் இன்ஸ்டால் ஆகியிருக்கும் என்பது வேறு விஷயம். ஒரு வீட்டில் பிரவுசரைத் திறந்தால் பாதித் திரைக்கு விதவிதமான தேடல் பட்டைகள், மீதிப் பாதியில்தான் இன்டர்நெட்.

அக்கா அப்போது ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்த்தாள். மாத்திரை அட்டையைத் திருப்பி எக்ஸ்பயரி பார்க்காமல் கையை விட்டு எதையும் கொடுக்கமாட்டாள். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. பிஸ்கெட் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் முன்பக்கத்தைப் பிரிப்பாள். அவள் கல்யாணம் கட்டிக்கொண்டது கப்பலில் இன்ஜின் ரூம் வேலை பார்க்கும் மாமாவை. மாமா அவளுக்கு நேர் எதிர். எதையும் படிக்கமாட்டார், எதற்கும் சிரிப்பார். அவர் கப்பலில் இருக்கும் நாட்களில் அக்கா எங்கள் வீட்டில்தான்.

கல்யாணம் ஆன கொஞ்ச நாளில் பாரிஸ் கார்னரில் ஒரு ஏஜென்ட் ஆபீஸில் போய் மாமா புதுக் கப்பலுக்குக் கையெழுத்துப் போட்டார். ஆறு மாதம் என்று ஏஜென்ட் வாயால் சொன்னான். பேப்பரை மாமா வரிசையில் தனக்கு முன்னால் நின்றவன் முதுகில் வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். ஆறு மாதம் முடிந்ததும்தான் தெரிந்தது, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. கம்பெனி நினைத்தால் நீட்டிக்கலாம். நீட்டித்தது. மாமா வரவேண்டிய கிறிஸ்துமஸுக்கு அக்கா அவருக்கு வாங்கிவைத்திருந்த சட்டை மட்டும் பீரோவில் தொங்கியது. அன்றிலிருந்து அக்கா இங்கிலீஷில் பொடியாக எதைப் பார்த்தாலும் முறைக்க ஆரம்பித்தாள்.

நீட்டித்த அந்த நாட்களில்தான் மாமாவுக்குக் கையில் சூடு பட்டது. போனில் அவரே சொன்னார்.

"இன்னாமே, சொம்மா லேசா சுட்டுகினேன். நீ தோசக்கல்லுல சுட்டுக்க மாட்ட? அத்த மாதிரி."

அக்காவும் நம்பினாள். அடுத்த வாரம் காசிமேட்டில் மீன் வாங்கப் போனபோது, அதே கப்பலில் வேலை பார்க்கும் இன்னொருவரின் மனைவி எதிரே வந்தார். "உங்க வூட்டுக்காரரு இப்பொ லெப்ட் கையாலதான் துன்றாராமே, எப்டி கீது?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அக்கா மீன் வாங்காமல் திரும்பி வந்தாள்.

அதன் பிறகு அவளுக்கு ஒரே ஒரு விஷயம்தான் வேண்டியிருந்தது. அந்தக் கையைக் கண்ணால் பார்க்க வேண்டும். போனில் கேட்டால் மாமா சிரிப்பார். சிரிப்பை வைத்து என்ன கண்டுபிடிப்பது? அப்போது எங்கள் வீட்டில் எல்லாம் பட்டன் போன். முகம் பார்த்துப் பேச அந்தக் கம்ப்யூட்டர்தான் வழி. கப்பல் ஒரு துறைமுகத்தில் கட்டினால், கரையில் மாலுமிகள் கிளப் ஒன்று இருக்கும். அங்கே கேமரா வைத்த கம்ப்யூட்டர் இருக்கும். மாமா வரிசையில் நின்று உட்கார்ந்தால் ஒரு மணி நேரம். அதை விட்டால் அடுத்த துறைமுகம்தான். வருகிற சனிக்கிழமை சாயங்காலம் வருகிறேன் என்று மாமா சொல்லியிருந்தார்.

நான் அப்போது காலேஜ் ஹாஸ்டலில், ஊருக்கு அந்தப் பக்கம். பரீட்சை நேரம், வெளியே விடமாட்டார்கள். செவ்வாய்க்கிழமை அக்கா போன் பண்ணினாள். பேசும் சாஃப்ட்வேர் திறக்க மறுக்கிறது, பழையது காலாவதி, புதுசு போட்டால்தான் உள்ளே விடுவேன் என்கிறது. நான் மெஸ்ஸில் தட்டோடு நின்றபடியே வழி சொன்னேன். டவுன்லோடு எல்லாம் ஒழுங்காக நடந்தது. 'ஐ அக்ரீ' பக்கம் வந்ததும் நின்றது.

"கீழ ஒரு கட்டம் கீதா க்கா?"

"கீது."

"அதுல டிக்கு அடி. அப்பால 'ஐ அக்ரீ'ய அழுத்து."

"இரு."

"இன்னா இரு?"

"படிச்சிகினு கீறேன்."

"இன்னாத்த?"

"இதாண்டி, மேல எழுதிகீறானே."

"ஐயோ, அத்த யாரும் படிக்க மாட்டாங்கோ க்கா!"

"படிக்காம போறதுக்கு ஏன் இம்மாம் நீளத்துக்கு எழுதறான்? ஏய், 'கிராண்ட்'னா இன்னா?"

"குடுக்கறது."

"யாரு யாருக்குக் குடுக்கறது?"

"நீ அவனுக்கு."

"நான் இன்னாத்த குடுக்கறேன்?"

"தெரில க்கா. எல்லாரும் அழுத்தறாங்கோ, நீயும் அழுத்து. சாம்பார் ஆறிகினு கீது."

"மாமாவும் இத்தயேதான் சொன்னாரு. எல்லாரும் போட்டாங்கோ, நானும் போட்டேன்னு."

டக்கென்று வைத்துவிட்டாள். 'கேன்சல்' அழுத்திவிட்டு, மானிட்டர் உறையைப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டாளாம்.

எனக்குச் செம கடுப்பு. ஆனால் இதை ஒரு சவாலாகவும் எடுத்துக்கொண்டேன். இத்தனை பொத்தான், இத்தனை பக்கம், இத்தனை கேள்வி இருந்தால் சாதாரண மனுஷன் எப்படி இன்ஸ்டால் பண்ணுவான்? எல்லாக் கேள்விக்கும் தானே பதில் சொல்லிக்கொண்டு ஓடுகிற ஒரே ஒரு ஃபைல் செய்தேன். அதற்குள் பேசும் சாஃப்ட்வேர், படம் பார்க்க ஒன்று, தமிழில் டைப் அடிக்க ஒன்று, நல்ல பிரவுசர் ஒன்று, நாலும் இருந்தன. சந்துக்கே போதும். டபுள் க்ளிக் பண்ண வேண்டும், அவ்வளவுதான். ஹாஸ்டல் ரூமில் பத்துத் தடவை ஓட்டிப் பார்த்தோம். ரூம்மேட் கைதட்டினாள். உலகத்திலேயே சுலபமான இன்ஸ்டாலேஷன் என்று நான் பீற்றிக்கொண்டேன். மெயிலில் அனுப்பி, "டபுள் க்ளிக் பண்ணு, வேற எத்தயும் தொடாத" என்று போனில் சொல்லிவிட்டு பிராக்டிகல் பரீட்சைக்குப் போய்விட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் நடந்ததை நைனா பின்னால் நடித்தே காட்டினார். அக்கா தலை வாரி, பூ வைத்து, மாமா வாங்கிக் கொடுத்த புடவை கட்டி உட்கார்ந்தாள். டபுள் க்ளிக் செய்தாள். கறுப்பாக ஒரு ஜன்னல் திறந்து வெள்ளை எழுத்து தடதடவென்று ஓடியது. ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றும் சொல்லவில்லை. மூடிக்கொண்டது. பார்த்தால் திரையில் புதிதாக நாலு ஐகான் படம். இவள் கேட்டது ஒன்று.

"நைனா! யாரோ உள்ள பூந்துட்டாங்கோ!"

நைனா பனியனோடு ஓடி வந்தார். "படத்துல பேங்க்க கொள்ளை அடிக்கறப்போ வருமே, அத்த மாதிரியா ஓடுச்சு?"

"ஆமா நைனா. நாலு பேரு வந்து குந்திகினு கீறானுங்கோ."

நைனா துறைமுகத்துக்காரர். அங்கே எதாவது தப்பாகத் தெரிந்தால் முதலில் இணைப்பைத் துண்டிக்க வேண்டும், யோசனை எல்லாம் பிறகுதான். பிராட்பேண்ட் ஒயரைப் பிடுங்கினார், பிளக்கைப் பிடுங்கினார், போதாதென்று வீட்டு மெயினையும் அணைத்தார். இருட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்து எனக்கு மாற்றி மாற்றிப் போன் அடித்தார்கள். என் போன் லேப் வாசலில், பைக்குள், சைலன்ட்டில் இருந்தது.

நான் திருப்பிக் கூப்பிட்டபோது அக்கா கத்தவில்லை. அதுதான் ஒரு மாதிரியாக இருந்தது.

"அவரு அங்க ஒரு மணி நேரம் குந்திகினு இருந்தாராம்டி. அப்பால போன் பண்ணாரு. கப்பல் இப்பொ கெளம்பிடும்."

"க்கா, அது என் ஃபைல்தான். வைரஸ் இல்ல."

"உன்துதானா?"

"ஆமா."

"உள்ள வரேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"நான்தான் சொன்னேனே, டபுள் க்ளிக் பண்ணுன்னு."

"நீ இல்லடி. அது."

இன்றைக்கும் சொல்கிறேன், அந்த ஃபைலில் ஒரு தப்பும் இல்லை. நாலும் ஒழுங்காக ஏறியிருந்தன. இன்றைக்கு அதே மாதிரிதான் உங்கள் போனில் எல்லாம் ஏறுகிறது, யாரும் மெயினை அணைப்பதில்லை. ஆனால் அக்கா அந்த நாலையும் ஒவ்வொன்றாகப் பிடித்து வெளியே தள்ளினாள். மெடிக்கல் ஷாப்பில் காலாவதியான சரக்கைக் கழித்துக் கட்டும் அதே முகத்தோடு செய்ததாக நைனா சொன்னார்.

அடுத்த துறைமுகம் வர சில வாரம் ஆகும். அதற்குள் எனக்குப் படிப்பு விடுமுறை வந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்ததும் நேராக கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். அக்கா மௌஸைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நான் போட்டுக் குடுக்கறேன் க்கா. நீ ஒண்ணியும் பண்ண வாணாம்."

"நீ அழுத்துனா மட்டும்? பேசப் போறது நானும் அவரும். ஒத்துக்கறது நீயா?"

"சரி, இன்னாதான் வோணும் உனுக்கு?"

"இவன் யாரு, எங்கருந்து வரான், இன்னா எட்த்துக்கறான், புடிக்கலன்னா எப்டி வெளிய தொரத்தறது. இவ்ளோதான். தமிழ்ல சொல்லு."

"கட்டிக்கப் போறியா, பேசப் போறியா?"

"கட்டிக்கினவரு கையப் பாக்கப் போறேன்."

நைனா பேப்பருக்குப் பின்னால் இருந்து, "ரெண்டு பேரும் அடிச்சிக்காதீங்கோ, சிபியு மேல கை படப் போது" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனோம். எங்கள் மாதா கோயிலில் ஒரு கல்யாணம் பேசி முடித்தால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இந்தத் தெருவைச் சேர்ந்த இன்னாருடைய மகன், இந்தப் பங்குக் கோயிலைச் சேர்ந்த இன்னாருடைய மகளைக் கட்டப்போகிறான், யாருக்காவது தடை தெரிந்தால் வந்து சொல்லுங்கள் என்று சாமியார் எல்லார் முன்னாலும் படிப்பார். பெண்கள் பக்கத்தில் பிரசங்கத்துக்குத் தூங்கினவர்கள்கூட ஓலைக்கு எழுந்துவிடுவார்கள். யார், எந்த வீடு, அந்தப் பையனா, ஐயோ அவனா என்று வரிசை முழுக்கக் கிசுகிசு. அன்றைக்கும் ஒரு ஓலை வாசித்தார்கள். நானும் அக்காவும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தோம். யோசனை முதலில் யாருக்கு வந்தது என்பதில் இன்றுவரை சண்டை தீரவில்லை. எனக்குத்தான் வந்தது.

வீட்டுக்கு வந்து அந்த இங்கிலீஷ் முழுவதையும் நான் படித்தேன். ஒரு பகல் போனது. போர்வை போர்வையாகச் சுற்றியிருந்ததைப் பிரித்தால் உள்ளே இருந்தது கொஞ்சம்தான். அதைத் தமிழில், அக்காவிடம் சொல்கிற மாதிரியே எழுதி, ஒரு ஜன்னலில் வரும்படி செய்தேன். மேலே தலைப்பு: ஓலை.

முதல் ஓலையில் யார் வருகிறார், எங்கே செய்தது, எதற்கு. இரண்டாவது ஓலையில் என்ன எடுத்துக்கொள்வார்: கேமரா, மைக், யார் யாரோடு பேசுகிறீர்கள் என்ற கணக்கு. மூன்றாவதில் பிடிக்காவிட்டால் எப்படி வெளியே அனுப்புவது. ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டே பொத்தான். 'தடையில்லை', 'தடை இருக்கு'.

அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முதல் ஓலையைப் படித்தாள், தடையில்லை. இரண்டாவதில் நிறுத்தினாள்.

"கேமராவ எட்த்துக்கும்னு போட்டுக்கீறியே, எந்நேரமும் பாத்துகினு இருக்குமா?"

"கூப்டா மட்டும்தான். அதோ, கேமரா மேல லைட்டு எரியும் பாரு."

"அத்தயும் எழுது."

எழுதினேன்.

"இது இன்னா, கம்ப்யூட்டர் போட்ட ஒடனே தானா தெறக்கும்னு? நான் கூப்டாம காலங்காத்தால வந்து ஏன் குந்தறான்?"

"அது அப்டித்தான் க்கா, எல்லா சாஃப்ட்வேரும்."

"தடை இருக்கு."

மெய்யாகவே அந்தப் பொத்தானை அழுத்திவிட்டாள். ஜன்னல் மூடிக்கொண்டது. நான் ஃபைலுக்குள் போய் அந்த வசதியை அணைத்துவிட்டு ஓலையை மறுபடி திறந்தேன். அதற்குப் பிறகு அந்த மொக்கை கம்ப்யூட்டர் கொஞ்சம் சீக்கிரமாகத் திறந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"இது? விதிய எப்போ வோணா மாத்துவோம்னு எழுதிகீறான்?"

"ஆமா, மாத்துவானாம்."

"அந்த ஏஜென்ட்டு பேமானியும் இதத்தான் எழுதியிருந்தான்." அந்த வரி மேல் விரலை வைத்தாள். "இத்த எட்த்துட்டு குடுக்க முடியாதா?"

"முடியாது க்கா. அவன்து."

"சரி. எழுதிகீறான்னு தெரிஞ்சிகினேன்ல, வுடு."

நைட்டியில் கையைத் துடைத்துக்கொண்டாள். மௌஸைப் பிடித்தாள்.

நைனா எட்டிப் பார்த்தார். "இன்னாமே, பொண்ணு சரின்னு சொல்லிச்சா? பந்திக்கு எல போட்லாமா?"

"தடையில்ல நைனா."

அழுத்தினாள். ஏறியது. ஒரே ஒரு படம் வந்தது. அவள் கேட்டது மட்டும்.

மாமா கூப்பிட்டது ஒரு வியாழக்கிழமை மத்தியானம். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள், நைனா ஷிப்டுக்குப் போகாமல் நின்றார். திரையில் முதலில் ஒரு சுவர் தெரிந்தது, பிறகு ஒரு காலண்டர், பிறகு மாமா. தாடி வைத்திருந்தார். வலது கை மேஜைக்குக் கீழே இருந்தது.

"இன்னாமே, எளச்சிட்ட?" என்றார் மாமா.

"கையக் காட்டு."

"வந்த ஒடனேவா? எப்டி கீறன்னு ஒரு வார்த்த கேளேன்."

"எப்டி கீற? கையக் காட்டு."

இடது கையை எடுத்து ஆட்டினார். அக்கா சிரிக்கவில்லை.

"அந்தக் கையி."

"அத்தயா? அத்த இன்னாத்துக்கு..."

"நான் இந்த டப்பாவுக்கு மூணு ஓலை படிச்சிட்டு வந்து குந்திகினு கீறேன். எடு மேல."

மாமாவுக்கு ஓலையும் புரியவில்லை, ஒன்றும் புரியவில்லை. ஆனால் அவள் குரல் புரிந்தது. கையை எடுத்து கேமரா முன்னால் வைத்தார். படம் கட்டம் கட்டமாக உடைந்து, நின்று, பிறகு தெளிவானது. கட்டு இல்லை. மணிக்கட்டிலிருந்து விரல்வரை தோல் ரோஸ் நிறத்தில், இழுத்து ஒட்டின மாதிரி பளபளத்தது. சிபியு மட்டும் இரைந்தது.

"திருப்பு" என்றாள் அக்கா. திருப்பினார். "மூடு." மூடினார். நாலு விரல் மடங்கியது.

"அந்த கடசி வெரலு?"

"அது லீவ்ல கீதுமே. சீப் இன்ஜினியர்ட்ட சொல்லிட்டுத்தான் போச்சு."

நைனா சிரித்துவிட்டார். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"அங்க டீ கிளாஸ் எதுனா கீதா?"

"கீது, இன்னாத்துக்கு?"

"அந்தக் கையால தூக்கு."

மாமா பக்கத்திலிருந்து ஒரு கிளாஸை எடுத்து வைத்தார். விரலைச் சுற்றினார். சுண்டு விரல் தனியாக நீட்டிக்கொண்டு நின்றது. தூக்கினார். கொஞ்சம் ஆடியது, கொட்டவில்லை. வாய்வரை கொண்டுபோய் ஒரு வாய் குடித்துவிட்டு வைத்தார். அக்கா அதுவரை மூச்சு விட்டாளா தெரியாது, அப்போது விட்டது எனக்குக் கேட்டது.

"தோசக்கல்லு மாதிரியா கீது இது? பொய் பொய்யா சொல்றியே, பீலா மாஸ்டரு."

"பெரிய தோசக்கல்லும்மே" என்றார் மாமா.

பிறகு அவள் திட்ட ஆரம்பித்தாள். அந்த ஒரு மணி நேரத்தில் மீதி முழுக்கத் திட்டினாள். மாமா அந்தப் பக்கம் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, அந்தக் கையைத்தான், சுகமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். நைனா லேட்டாக ஷிப்டுக்கு ஓடினார்.

அதற்குப் பிறகு ஓலை சந்து முழுக்கப் பரவியது. பென் டிரைவில் திருவொற்றியூர் வரை போனது. படிக்கத் தெரியாதவர்களுக்கு என்ன பண்ணுவது என்று காசிமேட்டு அக்கா ஒருத்தர் கேட்டார். அதனால் அக்காவை உட்கார வைத்து, ஓலையை அவள் குரலில் பதிவு பண்ணினோம். பின்னால் நாய் குரைப்பதும், ஒரு இடத்தில் அம்மா "சோறு ஆறுது" என்பதும் அதிலேயே விழுந்துவிட்டது. எடுக்கவில்லை. விடுமுறை நாட்களில் சாயங்காலம் சந்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துவிட்டு நடந்து வரும்போது யாரோ வீட்டு ஜன்னலிலிருந்து என் அக்கா குரல் கேட்கும். "தோ பாரு, இவன் உன் கேமராவக் கேக்கறான். கூப்டா மட்டும்தான் பாப்பான். தடை இருந்தா சொல்லிடு." உள்ளே நாலு பேர் கூடி நின்று தடை சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஒரு வீட்டில் ஒருத்தர், "இவன் எந்த ஊருக்காரன்னு சரியா சொல்லலியே" என்று அமெரிக்கக் கம்பெனியைச் சந்தேகப்பட்டு அனுப்பியே விட்டார். அந்தச் சத்தத்தை இப்போது எங்கே போய்த் தேடுவது?

டச் போன் வந்தது, ஓலை செத்தது. கம்ப்யூட்டரை மணலிப் பக்கம் ஒரு உறவுக்காரர் எடுத்துப் போனார், லேஸ் உறை அம்மாவிடம் இருக்கிறது. இப்போது நான் வேலை பார்க்கும் இடத்தில் என் வேலையே க்ளிக்கைக் குறைப்பதுதான். மூன்றை இரண்டாக்கினால் மீட்டிங்கில் பாராட்டுவார்கள். ஒரு தடவை ஓலை மாதிரி ஒன்றைச் செய்து காட்டினேன். "யூசர் இவ்வளவு நேரம் நிக்கமாட்டான்" என்றார்கள். சரிதான், நிக்கமாட்டான். எங்கள் சந்தில் நின்றார்கள், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

மாமா அந்த வருஷம் திரும்பி வந்தார். சாத்தாங்காட்டில் ஒரு இரும்புக் கடையில் கொஞ்ச காலம் இருந்து பார்த்தார், ஒத்துவரவில்லை. மறுபடி கப்பலுக்கே போனார். இந்தத் தடவை பேப்பரின் இரண்டு பக்கத்தையும் அக்கா படித்து, இரண்டு வரியை மாற்றச் சொல்லி, மாற்றின பிறகுதான் பேனாவைக் கொடுத்தாள். கை அப்படியேதான் இருக்கிறது. அந்த விரல் லீவிலிருந்து வரவில்லை.

இப்போது அவர் கப்பல் நடுக்கடலில், சிக்னல் இல்லாத இடத்தில் இருக்கிறது. நேற்று சாயங்காலம் அக்கா அவருக்கு அனுப்பின மெசேஜில் இன்னும் ஒரே ஒரு டிக்தான்.